படிக்கட்டுத் திருப்பத்துப் பிணம்

புள்ளியியல் துறைக்கும் வரலாற்றுத் துறைக்கும் நடுவே படிக்கட்டு திரும்புகிற இடத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு பிணம் கிடந்தது. அது யாருடைய பிணமும் இல்லை என்று முடிவாவதற்குள் மாதத் தேர்வு தொடங்கிவிட்டது. கனமான கம்பளிக் கோட்டு, தோல் பூட்ஸ், தோளில் ஒரு கைப்பிடி வெண்பனி. அந்த ஊரில் வெண்பனி பெய்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. முகம் மட்டும் இல்லை. சிதைந்துபோனதல்ல, இன்னும் எழுத ஆரம்பிக்காத விடைத்தாள் போல வெறுமையாக இருந்தது. போலீஸ் வந்து காணாமல் போனவர்களைப் பற்றியெல்லாம் விசாரித்தது. காணாமல் போனவர்கள் அத்தனை பேரும் வேறு எங்கோ சௌக்கியமாக இருந்தார்கள். டாக்டர் வந்து நாடி பார்த்து, இறந்துவிட்டார் என்பதில் சந்தேகமில்லை, எப்போதாவது உயிரோடு இருந்தாரா என்பதில்தான் சந்தேகம் என்று சொல்லிவிட்டுப் பையை மூடினார். பிணவறைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலை அது திருப்பத்திலேயே கிடந்தது, தோளில் புதுப்பனியோடு. மறுபடி கொண்டுபோனார்கள், மறுபடி வந்துவிட்டது. மூன்றாவது முறை வண்டிக்காரர், "அதுக்கே போக இஷ்டமில்ல சார், நான் என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிப் போனார்.

அந்தக் கல்லூரியில் ஒரு நடைமுறை உண்டு. உடைந்த நாற்காலி, மறந்துவிட்டுப்போன குடை, குட்டி போட்ட பூனை, எதுவானாலும் எந்த மாடியில் கிடக்கிறதோ அந்த மாடித் துறையின் தலையில் விழும். திருப்பம் எந்த மாடியில் சேர்த்தி என்பதை மட்டும் யாரும் யோசித்து வைக்கவில்லை. மூன்றாம் மாடியில் இருந்த வரலாற்றுத் துறைத் தலைவர், பிணத்தின் தலை கீழ்ப்படியைப் பார்த்து இருப்பதால் அது புள்ளியியலுக்குப் போகவேண்டியது என்றார். கால் மேல்படியில் இருப்பதால் அது வரலாற்றிலிருந்து வந்தது என்று இரண்டாம் மாடியில் இருந்த புள்ளியியல் துறைத் தலைவி சொன்னாள். முதல்வர் இருவரையும் அழைத்து, "ரெண்டு பேருமே படிச்சவங்க, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்றார். வரலாற்றுத் துறைத் தலைவர் அனுசரித்துப் போனார், அதாவது அன்றிலிருந்து லிஃப்டில் போனார். பிணத்தின் தோளில் உருகிய பனி படிப்படியாக இறங்கி வந்து புள்ளியியல் துறை வாசலில் தேங்கியது. அவள் கோணித் துணி வாங்கிப் போட்டாள். கோணி ஊறி நாற்றமடித்தது. வேறு கோணி போட்டாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அடுத்தவர் வேலையெல்லாம் இப்படி வழிந்து தன் வாசலில்தான் வந்து நிற்கிறது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாணவர்கள் அவளைச் சராசரி என்று கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். கெட்டவள் இல்லை. வகுப்புக்கு ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை, பாடத்தை ஒரு வருடமும் முடிக்காமல் விட்டதில்லை, யாரையும் தூக்கிவைத்ததில்லை, யாரையும் கீழே போட்டதில்லை. எல்லோரையும் வருகை எண்ணால்தான் கூப்பிடுவாள். பெயர் தெரிந்தால் பாசம் வரும், பாசம் வந்தால் மதிப்பெண் சாயும் என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியில் அவள் எவ்வளவு உறுதி என்றால், சொந்த மகளே அதே துறையில் வந்து சேர்ந்தபோது, "காலேஜ் கேட்டுக்குள்ள நான் உனக்கு அம்மா இல்ல" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். வகுப்பில் மகள் முப்பத்தொன்று. கையைத் தூக்கினாலும் முப்பத்தொன்று, காய்ச்சலில் படுத்திருந்தாலும் முப்பத்தொன்று. மகளின் விடைத்தாளில் ஒரு பதிலுக்கு மூன்று போடுவதா மூன்றரை போடுவதா என்று தோன்றினால், யாரும் விரல் நீட்டிவிடக் கூடாதே என்று இரண்டரை போடுவாள். போட்டுவிட்டு, நேர்மையாக இருந்த திருப்தியில் நன்றாகத் தூங்குவாள். கணவர் கப்பல் வேலையில் கடலோடு கடலாக இருந்ததால், வீட்டிலும் இதைக் கேட்க ஆளில்லை.

பிணத்துக்குக் காரணம் நாவல்கள்தான் என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். அதற்குப் பெரிய மூளை வேண்டியதில்லை. வருடத் தொடக்கத்தில் யாரோ ஒரு பெட்டி நாவல்களை நூலகத்துக்குத் தானமாகக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. பழைய கல் கட்டடம், விடாத மழை, யாருக்கும் பயன்படாத ஒரு பாடத்தை நடத்துகிற வசீகரமான பேராசிரியர், அவர் பொறுக்கியெடுத்த ஐந்தாறு மாணவர்கள், அவர்களில் ஒருவர் கொல்லப்படுவது, மற்றவர்கள் மீதிப் பக்கமெல்லாம் மனம் புழுங்கிச் சாவது. மகளும் அவள் சிநேகிதர்களுமாக ஆறு பேர், நூலகத்தைச் சீக்கிரமே பூட்டிவிடுகிறார்கள் என்று, சாயங்காலங்களில் அந்தத் திருப்பத்தில் உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கப் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் மூன்றாவது நாவலை முடித்த வார இறுதிக்கு அடுத்த திங்கட்கிழமைதான் பிணம் வந்தது. படித்துப் படித்து வரவழைத்துவிட்டார்கள். அவள் ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அதில் ஒருத்தரும் வருகைப் பதிவு எடுக்கவில்லை. ஒருத்தரும் விடைத்தாள் திருத்தவில்லை. பேராசிரியர் ஒயின் கோப்பையோடு கணப்பின் முன்னால் உட்கார்ந்து அழகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "இவனுக்கு இன்டர்னல் மார்க் யாரு அனுப்புவா?" என்று அவள் நூலகரிடம் கேட்டாள். நூலகர், அந்தப் பெட்டிக்கு மட்டும் காத்திருப்போர் வரிசை ஓடுகிறது, கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள் என்றார்.

பிணம் வாசகர்களின் பேச்சுக்கு ஏற்ப மாறிக்கொண்டிருந்தது. அடுத்த கதையில் சாகப்போவது கிழட்டுக் காவலாளிதான் என்று அந்த ஆறு பேரில் நெட்டையன் ஒருவன் அடித்துச் சொன்னான், எல்லோரும் ஆமாம் என்றார்கள். மறுநாள் அதற்கு நரைத்த மீசை முளைத்திருந்தது. கீழே காவலாளி வெறும் மேலுதட்டைத் தடவிக்கொண்டு, மழித்த ஞாபகமே இல்லையே என்று விழித்துக்கொண்டு நின்றார். கதை வேறு பக்கம் திரும்பியதும் மீசை அவருக்கே திரும்பி வந்தது. இதிலெல்லாம் யாருக்கும் பெரிய வருத்தமில்லை. வெண்பனியால் திருப்பம் குளுகுளுவென்று இருந்தது, வெயில் காலத்தில் பக்கத்துத் துறைக்காரர்கள்கூடச் சாப்பாட்டு டப்பாவோடு வந்து பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அடுத்த வருடம் சேர்க்கைக்குக் கூட்டம் அலைமோதியது. வேறு எந்தக் கல்லூரியிலும் பிணம் இல்லை. முதல்வர் விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாமா என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டார். எதிர்த்தவள் அவள் ஒருத்திதான். எதிர்த்ததற்குப் பரிசாகப் பிணப் பராமரிப்புக் குழுவுக்கு அவளையே தலைவியாகப் போட்டார்கள்.

அப்படித்தான் அவள் தினமும் காலையில் அதன் கோட்டுப் பனியைத் தட்டிவிடும்படி ஆயிற்று. ஒரு நாள் குனிந்து தட்டியபோது பிணத்தின் இடது புருவத்தைப் பார்த்தாள். புருவத்தின் நடுவே ஒரு வெட்டு, அரிசி நீளத்துக்கு, முடி முளைக்காத வெள்ளைக் கோடு. மகள் நடை பழகிய காலத்தில் கட்டில் முனையில் விழுந்து பட்ட காயம் அது. அந்தக் காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் அவள். முதல் பாட வேளைக்கு மணி அடித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக வகுப்பை விட்டுவிட்டு, கழிப்பறைக்குப் போய், முகம் கழுவிக்கொண்டு அழுதாள். சாயங்காலம் வீட்டில் மகளை விளக்கடியில் நிறுத்திப் பார்த்தாள். புருவம் முழுசாக, வழவழவென்று இருந்தது. மீசை வந்த வழியிலேயே இதுவும் வந்திருந்தது. மகளின் உள்ளங்கை சில்லென்று இருந்தது. தோளில் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது, தட்டினால் ஈரம். காவலாளியிடமிருந்து மீசை மட்டும் போனது. இவளிடமிருந்து ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்படியே போனால் எல்லாம் படிக்கட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், இங்கே யாரும் மிச்சமிருக்க மாட்டார்கள் என்று கணக்குத் தெரிந்த அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யாருடி உன்ன அங்க படுக்க வச்சது?" என்று கேட்டாள்.

"நானேதான். எங்க ஆறு பேர்ல கதையில யாரு சாவாங்கன்னு பேச்சு வந்துச்சு. நான்தான்னு சொன்னேன். எல்லாரும் கரெக்ட்னு சொல்லிட்டாங்க."

"அறிவிருக்கா உனக்கு? சாகுறதுக்குப் போட்டி போட்டுக் கை தூக்குவாங்களா?"

"இல்லம்மா, உனக்குப் புரியாது. அந்தப் புக்ல எல்லாம் சாகுற பொண்ண முதல்ல யாருமே கவனிக்க மாட்டாங்க. செத்ததுக்கப்புறம் முன்னூறு பக்கத்துக்கு அவளப் பத்தித்தான் பேசுவாங்க. அவ என்ன சாப்பிட்டா, எப்படிச் சிரிச்சா, எல்லாம். அந்த புரொஃபசர் மோசமானவன்தான், பசங்களக் கெடுக்குறான்தான். ஆனா பாத்துட்டுக் கெடுக்குறான். ஒவ்வொருத்தரையும் நல்லாப் பாத்துட்டு."

அவள் எழுந்துபோய்ச் சமையலறையில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள். எழுந்துபோய்ச் சமையலறையில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள்.

அவள் செய்துபார்க்காதது இல்லை. நாவல்களைத் தடை செய்யச் சொன்னாள். முதல்வர், "சேர்க்கை நேரத்துல இதெல்லாம் கிளப்பாதீங்க மேடம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். திருப்பத்துக்குக் கதவு போட்டுப் பூட்டினாள். பூட்டிய கதவுக்குப் பின்னால் பிணம் என்றதும் ஆறு பேர் அறுபது பேரானார்கள். மகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். மறுநாள் பிணத்துக்கு மகளின் மூக்கு வந்திருந்தது, வீட்டில் மகள் வாசனை தெரியவில்லை என்றாள். மற்ற ஐவரைக் கூப்பிட்டுக் கெஞ்சினாள். அவர்கள் மிகுந்த மரியாதையோடு, "நாங்க ஒண்ணும் பண்ணல மேடம், கதை அப்படித்தான் போகுது" என்றார்கள். கதை போகிறதாம். ஒரு நாளாவது வீட்டுக் கணக்கு போட்டுக்கொண்டு வராத கூட்டம், கதை போகிற வழியை மட்டும் அணுவணுவாக அலசிக்கொண்டிருந்தது. இதே அக்கறையில் பத்தில் ஒரு பங்கு நிகழ்தகவில் காட்டியிருந்தால் துறையே தலைநிமிர்ந்திருக்கும்.

கடைசியில் வேறு வழியில்லாமல் அவளே படிக்க உட்கார்ந்தாள். பஸ்ஸில் படித்தாள், சாப்பாட்டு வேளையில் படித்தாள், தேர்வு அறையில் மேற்பார்வை செய்கிற சாக்கில் படித்தாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் எரிச்சல் வந்தது, ஓரத்தில் பென்சிலால் 'எப்படி?', 'விடுப்பு எடுத்தானா?', 'யார் அனுமதி கொடுத்தது?' என்று எழுதினாள். ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. ஒரு கதையில் பேராசிரியர் மழையில் நனைந்து வந்த மாணவனை நிமிர்ந்து பார்த்து, உனக்கு நேற்றிலிருந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். அவள் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். இத்தனை வருடத்தில் தான் யாரையும் அப்படிக் கேட்டதில்லை என்பது உறைத்தது. அந்தக் கதைகளில் பாடம் என்பது உயிர் போகிற விஷயமாக இருந்தது, ஒரு வரிக்கு அர்த்தம் என்ன என்று ஆட்கள் மூர்க்கமாகச் சண்டை போட்டார்கள். அவள் வகுப்பில் திட்டவிலக்கத்துக்காக யாரும் யாரையும் ஒரு தட்டுக்கூடத் தட்டியதில்லை. பசங்கள் பிணத்துக்காக இதைப் படிக்கவில்லை என்று அப்போது தெரிந்தது. தெரிந்ததும் கோபம் குறையவில்லை, இன்னும் கூடியது. இந்த முறை யார்மேல் என்று மட்டும் மாறியிருந்தது.

பெட்டி முழுவதையும் முடித்த அன்று சாயங்காலம் அவள் கதவைத் திறந்துவிட்டு, திருப்பத்தில், மகளையும் சேர்த்து அந்த ஆறு பேருக்கு நடுவே, ஈரப் படியில் உட்கார்ந்தாள். பிணத்துக்கு அதற்குள் மகளின் முகவாய் வந்திருந்தது. மகளின் குரல் காற்றுப் போல மெலிந்திருந்தது. அவள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு, தரவுகளை அலசுகிற அதே வறட்டுக் குரலில், இந்தப் பெட்டியிலிருக்கிற எழுத்தாளர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்திருக்கிறார்கள் என்று ஆரம்பித்தாள். ஒவ்வொரு கதையிலும் ஒரு பிள்ளை சாகிறது, மற்ற பிள்ளைகள் பாழாகிறார்கள், அந்த வாத்தியார் மட்டும் கடைசியில் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுகிறான். ஒரு கதையில்கூடக் கணக்கு நேராகவில்லை. "தைரியமில்லாம எழுதியிருக்காங்க. சாக வேண்டியது அந்தப் பொண்ணு இல்ல, டீச்சர். பசங்களக் கண்ணால பாத்தும் பாக்காத டீச்சர். முதல் அத்தியாயத்துலயே."

நெட்டையன் ஆட்சேபித்தான். "டீச்சர் செத்துட்டா கதை எப்படி மேடம் நகரும்?"

"டீச்சர் செத்தா கிளாஸ் நின்னுடுமா என்ன? எந்தக் காலேஜ்ல நின்னிருக்கு?"

அவர்கள் சிரித்தார்கள். பிறகு வாதம் சூடு பிடித்தது. புத்தகங்களைப் பிரித்துப் போட்டு, பக்கத்துக்குப் பக்கம் இழுத்து, ஒருவரையொருவர் பேசவிடாமல் கத்தினார்கள், அவளும் கத்தினாள். அப்படி ஒரு வகுப்பு அந்தக் கட்டடத்தில் நடந்ததே இல்லை. வெளிச்சம் மங்குவதற்குள் நெட்டையன் ஒப்புக்கொண்டான், ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். மகள் மட்டும் தலையை ஆட்டவில்லை.

"அது என்னோட சாவு. நீ எதுக்கு எடுத்துக்குற?" என்றாள், கேட்டும் கேட்காத குரலில்.

"நீ இல்லன்னா எனக்கு ஒண்ணுமே இல்லடி. உன் பேப்பரத் திருத்துறப்ப ஒவ்வொரு தடவையும் உன் கையெழுத்தத் தடவிப் பாத்துட்டுத்தான் மார்க்கக் குறைச்சேன். பைத்தியக்காரி நான். போதுமா? இன்னும் முன்னூறு பக்கம் பேசணுமா? பேசுறேன், உசுரோட இருந்து கேளு."

கல்லூரி வாசலுக்குள் அவள் மகளிடம் அம்மாவாகப் பேசியது அதுதான் முதல் தடவை. மகள் ஒருவழியாகத் தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை மகள் புருவத்தில் வெள்ளைக் கோடு இருந்தது, கை வெதுவெதுப்பாக இருந்தது, பல் விளக்கும்போதே தொண்டை கிழியப் பாடினாள். திருப்பத்தில் பிணம் புள்ளியியல் துறைத் தலைவியின் முகத்தோடு கிடந்தது: மூக்குக் கண்ணாடி அழுத்திய தழும்பு, நெற்றியின் நடுவே எரிச்சலில் விழுந்த இரட்டைக் கோடு, எல்லாம். எதிரே நின்ற அவள் நெற்றியில் அந்தக் கோடு இல்லை, பல வருடத் தலைவலியும் இல்லை. நாடியும் இல்லை. டாக்டர் இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கீழே குனிந்து பிணத்தின் கையையும் பார்த்தார். அதற்கு நாடி வந்திருந்தது, நிதானமாக அடித்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாடி இருக்கிறது, இப்போதைக்கு அது போதுமானதாகத் தெரிகிறது, எதற்கும் கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்றார். செய்முறைத் தேர்வு வருகிறது, வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார், அவருக்கு அறை ஏற்பாடு செய்ய நாதியில்லை, இதில் ஓய்வாம் என்று அவள் அவரை ஒரு பிடி பிடித்துவிட்டு எட்டரை மணி வகுப்புக்குப் போனாள். சம்பளப் பிரிவில் ஒரு சின்னக் குழப்பம் எழுந்தது; வகுப்பெடுக்கிறவருக்குச் சம்பளம், படுத்திருப்பவருக்கு இல்லை என்று தீர்த்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு பல வருடங்கள் ஓடின. அவள் மாணவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்லித் திட்டு வாங்கினாள். நாவல் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. படித்துவிட்டு ஒவ்வொன்றையும் வைதாள், அடுத்தது எப்போது வரும் என்று நூலகரை நச்சரித்தாள். திருப்பத்தில் நல்ல வெளிச்சம் என்பதால், பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினாள். மகள் படித்து முடித்து, பக்கத்திலேயே ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தினமும் காலையில், அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, மகள் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து விரலை அழுத்தி நாடி தேடுவாள். இருக்காது. இருக்காது என்று தெரிந்த பிறகும் விடமாட்டாள், முகத்தைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டே நிற்பாள். "தினம் தினம் இதென்னடி கூத்து, பஸ் போயிடும்" என்று அவள் எரிந்து விழுவாள், ஆனால் கையை இழுத்துக்கொள்ள மாட்டாள். பஸ் பல நாள் போய்விடும். அவள் அடுத்த பஸ்ஸில் போவாள்.